மூன்று ஊர், மூன்று ஜெர்சி

செப்டம்பர் 14, 2024, சனிக்கிழமை – பெங்களூரு

பையில் இரண்டு செட் துணி, மூன்று கால்பந்து அணிகளின் ஜெர்சி. சென்னையின் எஃப்.சி.யின் நீலம், பெங்களூரு எஃப்.சி.யின் நீலம், கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள். காலை ஏழே முக்காலுக்குச் சென்ட்ரலில் பிருந்தாவனில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் பையைத் திறந்து மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன்.

"அதெப்படி மூணு டீம்?" என்று கேட்காத ஆளில்லை. நான் பிறந்தது பெரம்பூர். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தெருவில் பந்து உதைத்து வளர்ந்தவனுக்குச் சென்னை அணியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 2013இல் வேலைக்காகப் பெங்களூரு போனேன். அதே வருஷம்தான் பெங்களூரு எஃப்.சி.யும் தொடங்கியது. ஊரில் ஒருத்தரையும் தெரியாத நாட்களில் அசோக் நகர் கால்பந்து மைதானத்துக்குத் தனியாகப் போய் உட்காருவேன். பக்கத்து இருக்கைக்காரர்கள்தான் எனக்கு அந்த ஊரில் முதல் நண்பர்கள். முதல் சீசனிலேயே அந்த அணி, அப்போது நாட்டின் முதன்மைக் கால்பந்து லீகாக இருந்த ஐ-லீகின் கோப்பையை வாங்கியபோது, நானும் அந்த ஊர்க்காரன் ஆகிவிட்ட மாதிரி இருந்தது. அப்புறம் கல்யாணம். மனைவிக்குக் கொச்சிப் பக்கம் திருப்பூணித்துறை. அவள் அண்ணன் மஞ்சப்படைக்காரர், அதாவது பிளாஸ்டர்ஸ் ரசிகர் கூட்டமான 'மஞ்ஞப்பட'யில் ஒருவர். நிச்சயதார்த்தத்துக்குப் போன என்னை மறுநாளே கொச்சி கலூர் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

மூன்றும் எனக்கு வீடு. ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும்போது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றை விடச் சொன்னால் எதை விடுவது?

இந்த வருஷ ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அட்டவணையைப் பார்த்தபோதே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. மூன்று அணிகளின் ஆட்டத்தையும் முதல் இரண்டு வாரத்துக்குள் மூன்று ஊரிலும் நேரில் பார்த்துவிடலாம். மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கிளம்பிவிட்டேன்.

இன்று எனக்கு இரண்டு ஆட்டம். ஐந்து மணிக்குப் புவனேஸ்வரத்தில் ஒடிஷாவுடன் சென்னையின் எஃப்.சி. ஏழரைக்கு இங்கே கண்டீரவா ஸ்டேடியத்தில் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுடன் பெங்களூரு. முதலாவதை கப்பன் பார்க்கில் ஒரு மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். ஒன்பதாவது நிமிடத்திலேயே டியகோ மவுரிசியோ பெனால்ட்டி போட்டுவிட்டார். சரி, போன வருஷத்துக் கதைதான் என்று நினைத்தேன். இடைவேளை முடிந்து வந்ததும் ஃபரூக் சௌத்ரி அடுத்தடுத்து இரண்டு. 48, 51. பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். வாக்கிங் வந்த ஒரு பெரியவர், "யாரு, கிரிக்கெட்டா?" என்று கன்னடத்தில் கேட்டார். ஃபுட்பால் என்றேன். நின்று ஐந்து நிமிடம் அவரும் பார்த்தார். சீமா சுக்வு மூன்றாவது கோலைப் போட்டபோது நான் கண்டீரவா கேட் வரிசையில் இருந்தேன். என் பெங்களூரு ஜெர்சியையும் கையிலிருந்த சென்னை ஆட்டத்தையும் மாறி மாறிப் பார்த்த பையன்களுக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. கடைசியில் ராய் கிருஷ்ணா ஒன்று போட்டு வயிற்றில் புளியைக் கரைத்தார். 3-2. வென்றாயிற்று.

கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் சம்பங்கி ஏரி. ஏரி போய் மைதானம் வந்த ஊர். ஓடுதளம் சுற்றிலும் இருப்பதால் ஆட்டக்காரர்கள் கொஞ்சம் தூரமாகத்தான் தெரிவார்கள். ஆனால் வெஸ்ட் பிளாக் பக்கம் உட்கார்ந்தால் அந்தத் தூரம் தெரியாது. முரசும் பாட்டும் நிற்கவே நிற்காது. ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் கார்லஸ் குவாத்ராத், 2018-19இல் இதே பெங்களூருக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். எதிர் அணியின் பெஞ்சில் அவரைப் பார்க்க என்னவோ போல இருந்தது.

25ஆவது நிமிடம் வினித் வெங்கடேஷ். 19 வயது. இந்த கிளப்பின் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த பையன். பந்து வலைக்குள் போனதும் ஒரு நொடி அமைதியாக நின்று, தானே நம்பாதவன் மாதிரி பார்த்துவிட்டு ஓடினான் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஒரு கோலே போதுமாக இருந்தது. 1-0.

ஈஸ்ட் பெங்கால் தோற்றதில் எனக்குள் ஒரு மூலையில் சின்ன வருத்தம். அந்த அணியில் நம் நந்தகுமார் சேகர் இருக்கிறார். சென்னைப் பையன். போன வருஷம் டியூரண்ட் கோப்பையில் அதே ஊர்ப் பரம எதிரி மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தபோது, கல்கத்தாவே அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டது.

இரவு பத்தரைக்கு மடிவாளாவில் பஸ். நாளை திருவோணம். ஒரு சீட்டுக்கு வழக்கத்தைவிட மூன்று மடங்கு வாங்கினார்கள். மலையாளிகள் எல்லோரும் மூட்டை முடிச்சோடு நிற்கிறார்கள். யாரும் பேரம் பேசவில்லை. வீடு போய்ச் சேர்ந்தால் சரி என்ற முகம் எல்லோருக்கும்.

செப்டம்பர் 15, ஞாயிறு – கொச்சி

கேரள எல்லையில், வாளையாறில் வண்டிகள் நகரவே இல்லை. காலை பத்துக்கு வர வேண்டிய பஸ் ஒரு மணிக்குத்தான் கொச்சியைத் தொட்டது. மனைவியும் மகளும் வெள்ளிக்கிழமையே ரயிலில் வந்துவிட்டார்கள். வாசலில் பூக்களம். நடுவில் மஞ்சள் செண்டுமல்லியை அவசியத்துக்கு அதிகமாகவே போட்டிருந்தார்கள். மகளின் வேலை. "இது பிளாஸ்டர்ஸ் பூக்களம் அப்பா" என்றாள்.

எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். அச்சன், என் மாமனார், "வா மோனே" என்று இலை முன்னால் உட்கார வைத்தார். காளன், ஓலன், அவியல், எரிசேரி, இஞ்சிப்புளி, அடைப்பிரதமன். பஸ்ஸில் முறுக்கிக் கிடந்த முதுகெல்லாம் இலையைப் பார்த்ததும் சரியாகிவிட்டது. ஆனாலும் இந்த வருஷ ஓணத்தில் சத்தம் குறைவு. ஜூலை 30இல் வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனதிலிருந்து இங்கே யாருக்கும் கொண்டாட மனசில்லை. அரசே விழாக்களை நிறுத்திவிட்டது. சாப்பிடும்போது அச்சன் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோய், பிறகு தானே நிறுத்திக்கொண்டார்.

ஐந்து மணிக்கு நானும் மச்சானும் மெட்ரோவில் கிளம்பினோம். திருப்பூணித்துறையிலிருந்து நேரே ஜே.எல்.என். ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கினால் எதிரே மைதானம். ஒவ்வொரு நிலையத்திலும் மஞ்சள் கூடிக்கொண்டே வந்தது. கசவு வேட்டிக்கு மேலே மஞ்சள் ஜெர்சி போட்டவர்கள், செட் சேலையில் வந்த பெண்கள், தாத்தாவின் கையைப் பிடித்த குழந்தைகள். ஸ்டேடியத்தில் வேலை செய்பவர்களும் ஓணம் கொண்டாட வேண்டும் என்பதற்காகப் பாதி இடத்துக்குத்தான் டிக்கெட் விற்றார்கள். அந்தப் பாதியின் சத்தமே காதை அடைத்தது.

வீரர்கள் உள்ளே வந்தபோது ஒவ்வொருவர் கையையும் ஒரு குழந்தை பிடித்திருந்தது. வயநாட்டுக் குழந்தைகள். எங்கள் வரிசையில் இருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொச்சி மைதானத்தில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. ஆரவாரம் இல்லை, விசில் இல்லை. நிதானமாக, ரொம்ப நேரம்.

ஆட்டம் பஞ்சாபுடன். 85 நிமிடம் ஒன்றுமில்லை. 86இல் லூகா மைசென் பெனால்ட்டி. ஸ்டேடியம் அப்படியே அடங்கியது. கூடுதல் நேரத்தில் பிரீதம் கோட்டால் வலப்பக்கத்திலிருந்து தூக்கிப் போட்டதை ஹெசுஸ் ஹிமேனஸ் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். முன்வரிசையில் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். யாரென்றே தெரியாது. ஒரு புள்ளியாவது கிடைத்தது என்று மூச்சு விடுவதற்குள் 95ஆவது நிமிடம் பிலிப் மெர்ஸ்லியாக். 1-2. எல்லாம் பத்து நிமிடத்துக்குள்.

திரும்பும்போது மெட்ரோவில் யாரும் பேசவில்லை. மச்சான் மட்டும் ஒரு தடவை, "அளியா, ஓணம் இனியும் வரும்" என்றார்.

'அளியன்' என்றால் நம்மூர் மச்சான்தான். சென்னையின் ரசிகர்களையும் அணியையும் மெரினா மச்சான்ஸ் என்கிறோம். அங்கே போனால் மச்சான், இங்கே வந்தால் அளியன். ஒரே உறவைத்தான் இரண்டு ஊரும் எனக்குத் தந்திருக்கின்றன என்று படுக்கும்போது தோன்றியது.

செப்டம்பர் 16, திங்கள்

திருவோணத்துக்கு மறுநாள், அவிட்டம். மதியம் வரை தூக்கம். நேற்று மிஞ்சிய அடைப்பிரதமன் இன்று இன்னும் ருசி. சாயங்காலம் எர்ணாகுளம் டவுனிலிருந்து திருவனந்தபுரம் மெயிலில் மூவரும் ஏறினோம். ராத்திரி மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு போனில் பார்த்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் ஐ.எஸ்.எல்.லில் ஆடும் முதல் ஆட்டம். எதிரணியான நார்த் ஈஸ்ட் யுனைடெட்டின் அலாதீன் அஜராய் கடைசி மூச்சில் போட்ட கோலில் தோற்றுப்போனார்கள். பாவமாக இருந்தது. இதே முகமதன் பத்து நாளில் சென்னைக்கு வரப்போகிறார்கள்.

செப்டம்பர் 19, வியாழன் – சென்னை

ஆபீஸ். பெங்களூரு ஹைதராபாத்தை 3-0 என்று அடித்ததை வீட்டு டிவியில்தான் பார்த்தேன். ராகுல் பேக்கே ஐந்தாவது நிமிடத்தில் ஒன்று. கடைசியில் சுனில் சேத்ரி இரண்டு. நாற்பது வயது. நானும் அதே 1984இல் பிறந்தவன் என்பதால் அவர் ஓடும்போதெல்லாம் என் நெஞ்சு கூடவே ஓடுகிறது. ஜூன் 6இல் கல்கத்தாவில் குவைத்துடன் ஆடிவிட்டு நாட்டுக்காக ஆடுவதை நிறுத்தினார். 151 ஆட்டம், 94 கோல். அன்றைக்கு அழுதேன். இன்றைக்கு அவர் கிளப்புக்காகக் கோல் போடுவதைப் பார்த்து மகள் சோபாவில் குதித்தாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு – கொச்சி

நேற்றிரவு ஆலப்புழை எக்ஸ்பிரஸ், இன்று ஆட்டம், நாளை மறுபடி ரயில். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் அண்ணனுக்கு ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாள்.

எர்ணாகுளம் ஜங்ஷனுக்கு வெளியே புட்டும் கடலையும் சாப்பிட்ட கடையில் டீ ஆற்றும் சேட்டன் என் மஞ்சள் சட்டையைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்வி. "இன்னு ஜெயிக்குமோ?" ஊரில் எல்லோருக்கும் அதே கேள்வி. 2014, 2016, 2021-22 என்று மூன்று இறுதிப் போட்டிகள் ஆடி மூன்றிலும் தோற்ற அணி இது. பத்து வருஷத்தில் ஒரு கோப்பைகூட இல்லை. இருந்தும் இந்தக் கூட்டம் குறைவதில்லை. கோப்பைக்காகத்தான் ரசிகர்கள் வருகிறார்கள் என்று சொல்பவர்கள் ஒரு தடவை கலூர் வந்து பார்க்கட்டும்.

இன்று ஈஸ்ட் பெங்கால். நம் நந்தாவை மறுபடி எதிரணியில் பார்க்க வேண்டிய நாள். முதல் பாதியில் கோல் இல்லை. 59ஆவது நிமிடம் ஈஸ்ட் பெங்காலுக்காக பி.வி. விஷ்ணு போட்டார். விஷ்ணு ஒரு மலையாளி. சொந்த மண்ணில், இத்தனை மஞ்சளுக்கு நடுவே, எதிரணிக்காகக் கோல். எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டே, "நம்மட பையன்தானே" என்றார். அதில் கோபமும் இருந்தது, பெருமையும் இருந்தது. நந்தாவைப் பார்க்கும்போது எனக்குள் நடப்பதும் இதுதான். அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்குள் நோவா சதோயி.

63ஆவது நிமிடம். இடப்பக்கம் வேகமாக உள்ளே வெட்டி, கோல்கீப்பருக்கு நேரம் கொடுக்காமல் அடித்துவிட்டார். கோவாவிலிருந்து இந்த வருஷம் வந்த மொராக்கோக்காரர். அவர் பந்தைத் தொட்டாலே ஸ்டேடியம் எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டது. 88இல் கானாவின் க்வாமே பெப்ரா. அந்த அடி வலையில் விழுந்த பிறகு பத்து நிமிடம் எனக்கு ஒன்றும் நினைவில்லை. செண்டையும் நாசிக் டோலும் ஒன்றாக அடிக்கும் சத்தம், மச்சானின் வியர்வை நாற்றம், யாரோ சிந்திய எலுமிச்சை சோடாவில் நனைந்த என் செருப்பு. அவ்வளவுதான் ஞாபகம். 2-1.

வெளியே வந்து பழம்பொரியும் கட்டன்சாயாவும். இரண்டு வாரத்தில் இதுதான் மச்சான் சிரித்த முதல் ராத்திரி.

செப்டம்பர் 26, வியாழன் – சென்னை

இன்றைய நாளைக் கொஞ்சம் விரிவாகத்தான் எழுதப் போகிறேன்.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு. முழங்கால் வலி. ஸ்டேடியத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. "டிவிலயே பாத்துக்கிறேன்டா" என்பதுதான் எப்போதும் பதில். இந்தத் தடவை விடவில்லை. "முகமதன் வர்றாங்கப்பா" என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எத்தனை மணிக்கு?" என்றார்.

அவருடைய அப்பா, என் தாத்தா, முகமதன் கதை சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தவர். 1891இல் தொடங்கிய கிளப். 1934இல் கல்கத்தா லீகை ஜெயித்த முதல் இந்திய அணி. அதுவரை அந்தக் கோப்பை வெள்ளைக்காரர்களின் அணிகளுக்குத்தான். ஒரு தடவை ஜெயித்ததோடு நிற்கவில்லை, 1938 வரை வரிசையாக ஐந்து தடவை. அப்புறம் எவ்வளவோ சரிவு. இப்போது ஐ-லீகில் முதலிடம் பிடித்து ஐ.எஸ்.எல்.லின் 13ஆவது அணியாக மேலே வந்திருக்கிறார்கள்.

பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினோம். வியாசர்பாடி ஜீவாவில் நின்றபோது அப்பா ஜன்னல் வழியாகக் காட்டினார். "இந்தப் பக்கம் எவ்வளவு பசங்க ஆடுறாங்க தெரியுமா?" தெரியும். வெறுங்காலோடு மண்ணில் ஆடி வளர்ந்து இந்திய அணி வரை போன பையன்கள் இந்தப் பகுதியிலிருந்து வந்திருக்கிறார்கள். ரயில் நகர்ந்தது. மூர் மார்க்கெட் பக்கம் இறங்கி ஆட்டோ. பெரியமேட்டு நெரிசலைக் கடந்தால் நேரு ஸ்டேடியம். ரசிகர்கள் அதை மெரினா அரீனா என்கிறார்கள். அப்பாவுக்கு அது நேரு ஸ்டேடியம்தான்.

படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் நின்றார். நான் கை கொடுத்தேன். தட்டிவிட்டார். பத்தாவது படியில் நின்று, கையைத் திருப்பிப் பார்த்தார். கம்பியின் துரு உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். "93ல உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஏறினேன் இதே படி" என்றார்.

1993 ஜனவரி. நேரு கோப்பை இந்த ஊரில் நடந்தது. எனக்கு எட்டு வயது. வட கொரியா கோப்பையை வாங்கியது. ஆட்டம் எனக்கு மங்கலாகத்தான் ஞாபகம். அப்பாவின் தோள், தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை, புது கான்கிரீட்டின் வெண்மை, ஒரு கூம்பு பொட்டலத்தில் சுண்டல். இதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது.

மேலே போய் உட்கார்ந்தோம். அப்பா சுற்றிலும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னடா இது?"

பாதிக்கு மேல் காலி. எங்களுக்கு எதிர்ப்பக்கம் வரிசை வரிசையாக இருக்கைகள். பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்ற ரசிகர் குழுக்கள் இருக்கும் பக்கம் மட்டும் நீலமாக உயிரோடு இருந்தது. பறை அடிக்கிறார்கள், தமிழில் பாடுகிறார்கள், ஒரு நொடி உட்காரவில்லை. ஆயிரம் பேரின் வேலையை நூறு பேர் செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

நான்கு நாள் முன்புதான் கொச்சியில் இருந்தேன். கோப்பையே வாங்காத அணிக்கு அத்தனை கூட்டம். இங்கே 2015, 2017-18 என்று இரண்டு தடவை பட்டம் வாங்கிய அணி ஆடுகிறது. வியாழக்கிழமை ராத்திரி ஏழரை மணி ஆட்டம், மறுநாள் ஆபீஸ், பள்ளிக்கூடப் பரீட்சை நேரம், ஊரில் ஒரு போஸ்டர்கூடக் கண்ணில் படவில்லை. காரணங்கள் எனக்கும் தெரியும். கிரிக்கெட் ஊர் என்பதும் தெரியும். ஆனால் பெரம்பூரும் வியாசர்பாடியும் ராயபுரமும் இந்த ஊரில்தானே இருக்கின்றன? வடசென்னையில் தெருவுக்குத் தெரு பந்து உருளுகிறது. அந்தத் தெருவுக்கும் இந்த இருக்கைக்கும் நடுவே ஏதோ அறுந்திருக்கிறது. அதை யாராவது முடிச்சுப் போட வேண்டும். படிப்பவர்கள் யாராவது சென்னையில் இருந்தால், ஒரே ஒரு தடவை, பக்கத்து வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். டிக்கெட் விலை ஒரு சினிமா டிக்கெட்டை ஒட்டித்தான் இருக்கிறது.

ஆட்டத்தை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 39ஆவது நிமிடம் லால்ரெம்சங்கா ஃபனாய். முகமதன் முன்னால் போனார்கள். நம் பயிற்சியாளர் ஓவன் கோயில் கோட்டோரத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நம் ஆட்கள் முட்டி மோதினார்கள், பந்து போகவில்லை. 0-1. ஐ.எஸ்.எல்.லில் முகமதனுக்கு முதல் வெற்றி, அதுவும் நம் மண்ணில். விசில் ஊதியதும் அவர்களுடைய ஆட்கள் புல்லில் விழுந்து கிடந்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்திருந்த கொஞ்சம் பேர் கறுப்பு வெள்ளைக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.

எனக்கு நெஞ்சு கனத்தது. அப்பா எழுந்து நின்று கைதட்டினார், முகமதனுக்காக. அப்புறம் பி ஸ்டாண்ட் பக்கம் திரும்பி, தோற்ற பிறகும் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காக மறுபடி கைதட்டினார். தாத்தா இருந்தால் இன்று எந்தப் பக்கம் இருந்திருப்பார் என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும்தான்" என்றார்.

இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டிவிடவில்லை.

செப்டம்பர் 28, சனி – பெங்களூரு

டபுள் டெக்கர் ரயிலில் வந்து கன்டோன்மென்ட்டில் இறங்கினேன். ஆட்டத்துக்கு நேரம் இருந்ததால் அல்சூர் பக்கம் கௌதமபுரத்துக்கு நடந்தேன். இங்கே வேலை பார்த்த நாட்களில் அடிக்கடி வந்த இடம். தமிழ் பேசும் மக்கள் நிறைந்த சின்னக் குடியிருப்பு. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் இங்கே சிலை உண்டு. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் அக்காக்களுக்குக்கூட யார் எந்த கிளப்பில் ஆடுகிறான் என்று தெரியும். டீக்கடை அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "மெட்ராஸ் தோத்துட்டாங்களே" என்றார். துக்கம் விசாரிக்கிற குரல். டீக்குக் காசு வாங்கவில்லை.

கண்டீரவாவில் இன்று மோகன் பகான். போன வருஷம் லீக் ஷீல்டு வாங்கிய அணி. ஒன்பதாவது நிமிடத்தில் எட்கர் மெண்டஸ், இருபதில் சுரேஷ் சிங் வாங்ஜம். நம்ப முடியவில்லை. 51ஆவது நிமிடம் பெனால்ட்டி. சேத்ரி பந்தை வைத்தார். வெஸ்ட் பிளாக் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. 3-0. இந்தக் கோலோடு ஐ.எஸ்.எல்.லில் அவருக்கு 64. ஓக்பெச்சேயின் 63ஐத் தாண்டிவிட்டார். இனி இந்த லீகில் அவரைவிட அதிகம் போட்டவர் யாருமில்லை. பெங்களூரு மூன்று ஆட்டம், மூன்று வெற்றி, ஒரு கோல்கூட வாங்கவில்லை.

இதே ஸ்டேடியத்தில்தான் 2018 மார்ச் 17 இறுதிப் போட்டியைப் பார்த்தேன். பெங்களூரும் சென்னையும். சேத்ரி முதலில் போட்டார், மெயில்சன் ஆல்வஸ் இரண்டு தடவை தலையால் முட்டினார், ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. சென்னை 3-2. சுற்றிலும் பெங்களூரு நண்பர்கள் அழுகிறார்கள், என் போனில் அப்பா சிரிக்கிறார். அன்றைக்கு யாருக்காகக் கத்துவது என்று தெரியாமல் இரண்டு அணிகளின் கோலுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். இந்த சீசனிலும் அது வரத்தான் போகிறது. அக்டோபர் 25 கொச்சியில் கேரளாவும் பெங்களூரும். 2023 மார்ச்சில் சேத்ரி அவசரமாக அடித்த ஃப்ரீ கிக்கை ஒத்துக்கொள்ளாமல் கேரளா மைதானத்தை விட்டே வெளியேறிய பிறகு, இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே எப்போதும் அனல்தான். மச்சான் இப்போதே போன் செய்து, "அளியா, அன்னு ஏது ஜெர்சி?" என்று கேட்டுவிட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை.

கேட்டுக்கு வெளியே நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். சேத்ரியைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தினார்.

"நம்ம ஊர்ல அடுத்தது எப்போடா?"

"24ம் தேதிப்பா. கோவாவோட."

"டிக்கெட் போடு. பாப்பாவுக்கும் சேத்து."

"முழங்கால்?"

"மெதுவா ஏறிக்கலாம். கீழ்வீட்டுப் பசங்க ரெண்டு பேரும் வரேங்கறானுங்க. அஞ்சா போடு."

நாளைக் காலை ரயிலில் உட்கார்ந்ததும் முதல் வேலை அதுதான்.